மூச்சு முட்டிய டாங்கி

“பாஸ் எங்க புள்ள? நீ இஞ்ச தேத்தண்ணி போடுற ஆளா, கணக்கு எழுதுற ஆளா?”

கரடியனாற்றுச் சாமித்தம்பி என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. நான் அப்போதுதான் ஒரு வானின் அடியிலிருந்து வெளியே வந்திருந்தேன். கையில் ஸ்பானர், நெற்றியில் கிறீஸ்.

“ரெண்டும் இல்ல மாமா. வாகனம் திருத்துற ஆள்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் காரைப் பார்த்தார், அதனிடம் மன்னிப்புக் கேட்பவர் போல. “திருத்து, திருத்து. ஆனா ஒரு பொம்புளைய பாஸ் எண்டு கூப்பிட என்ட வாய் வராது, சொல்லிப்போட்டன்” என்றார்.

மட்டக்களப்பில் கொத்தனும் பாஸ், தச்சனும் பாஸ், வாகனம் திருத்துபவரும் பாஸ். அதற்குச் சான்றிதழ் கிடையாது. கையிலே வேலை இருக்கிறது என்று ஊருக்குப் பட்டால் ஊர் தானாகக் கூப்பிடும். படாவிட்டால் எத்தனை வருடம் வேலை செய்தாலும் “தம்பி”தான். என் விசயத்தில் “புள்ள”தான்.

தொழில்நுட்பக் கல்லூரியில் இந்த வருடம் மோட்டார்ப் பிரிவுக்கு மூன்று பெண் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரி மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். “ஓய்வு பெறுகிறவர்கள் எழுதும் பகுதி அக்கா, நீங்களும் கராஜை விட்டுப் போறீங்கதானே” என்றார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வுக் கட்டுரை எழுதும் வயதில்லை. ஆனாலும் ஒரே கூரையின் கீழ் எட்டு வருடம் செய்த வேலை முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத என்னை விடப் பொருத்தமான ஆளும் இல்லை. அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வியும் காரணம்: “இப்ப வாற வாகனங்களில வயரைக் கொழுவினா மெசினே பிழையைச் சொல்லுமாமே, மறுகா எங்களுக்கு என்ன வேலை?” அதற்குப் பதில் கடைசியில் தானாக வரும்.

என் அப்பா வாவியில் வலை போடுபவர். அம்மா அந்த மீனைக் கூடையில் சுமந்து விற்றவர். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றுத் தேறினேன். மோட்டார்ப் பிரிவில் முப்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக இரண்டு வருடம் இருந்தேன். இடையில் ஊரடங்குகளாலும் சுற்றிவளைப்புகளாலும் பாதி வகுப்புகள் நடக்கவில்லை. நடக்காத வகுப்புகளின் பாடத்தையும் புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்தேன். கல்லூரியைப் பற்றி இவ்வளவு போதும்.

தேவராசா பாஸின் கராஜில் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைச் சேர்த்தது பரிவினால் அல்ல. அவரிடம் இருந்த இரண்டு பெடியன்களும் ஒரே மாதத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லை. “வேலை தெரிஞ்சா நில். தெரியாட்டி பின்னேரம் போ” என்றார். பின்னேரம் போகவில்லை.

அவருக்கு வாய் நீளம். வேலை செய்யும்போது பழைய பாட்டுப் பாடுவார், நடுவில் சுருதி மாறாமல் ஏசுவார். ஒரு விசயத்தில் மட்டும் அவரை ஏமாற்ற முடியாது. “பாஸ், காபரேற்றர் பிழை எண்டு நினைக்கிறன்” என்று யாராவது சொன்னால், “நினைக்கிறது கோயில்ல. இஞ்ச பாத்துச் சொல்லு” என்பார். ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு அவர் வைத்த விதியும் ஒன்று உண்டு. அந்தப் பிழையை நம் கையால் வரவைக்க வேண்டும், நம் கையால் போகவைக்க வேண்டும். அதையும் இரண்டு தரம். ஒரு தரம் என்றால் தற்செயல் என்பார்.

கராஜுக்கு வரும் வாகனங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: “இழுக்குதில்ல.” நிற்கும்போது எஞ்சின் நன்றாக ஓடும். அக்சிலேற்றரை அழுத்தினால் வேகம் எடுக்காது, திணறும். எஞ்சினுக்கு வேண்டியது மூன்று: எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் ஒரு பொறி. மெதுவாக ஓடும்போது மூன்றும் அரைகுறையாக இருந்தாலும் சமாளிக்கும். அழுத்தும்போதுதான் குறை தெரியவரும். அதனால் அந்த மூன்றில் எது வரவில்லை என்று ஒழுங்காகத் தேட வேண்டும். ஒழுங்கு என்றால், சுலபமாகப் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பது.

சேர்ந்து சில வாரத்தில் ஒரு கந்தோர் அதிகாரியின் கார் வந்தது. பாஸ் பிளக் மாற்றிவிட்டார், பொறி விடும் பொயின்றைச் சரிபண்ணிவிட்டார், கார் இழுக்கவில்லை. நான் பொனெட்டைத் திறந்து காபரேற்றரைப் பார்த்துக்கொண்டு, “ஐயா, அடி மட்டும் மிதிங்க” என்றேன். அவர் மிதித்தார். காபரேற்றரின் வாசல் பாதிக்கு மேல் திறக்கவில்லை. போய்ப் பார்த்தால், அவர் மனைவி கார் அழுக்காகாமல் இருக்கத் தடித்த தும்புக் கம்பளம் ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறார். பெடல் அதில் முட்டி நிற்கிறது. கம்பளத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தேவராசா பாஸ் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எஞ்சினைத் திறந்து வைத்தால், “ராணி, வந்து பார்” என்று கூப்பிடத் தொடங்கினார். ஊருக்கு நான் இன்னும் “புள்ள”தான்.

இப்போது சாமித்தம்பியின் காருக்கு வருகிறேன்.

கறுப்பு நிறப் பழைய இங்கிலாந்துக் கார். கரடியனாற்றுப் பக்கத்தில் அப்போது ஓடிய கார் அது ஒன்றுதான். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் அந்தக் காரில்தான் செங்கலடிக்கு வந்து, அங்கிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நடுவே கறுத்தப் பாலத்தில் இராணுவச் சாவடி. சாவடிக்கு அப்பால் பெற்றோலுக்குத் தடை. நோயாளிகளை ஏற்றுவதால் சாமித்தம்பிக்கு மட்டும் ஓர் அனுமதி இருந்தது, அதில் எழுதிய அளவுக்குள். கூடுதலாக இருக்கிறதா என்று சாவடியில் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார்கள்.

“சும்மா நிக்கக்க நல்லா நிக்கும்” என்றார் சாமித்தம்பி. “ஓடத் தொடங்கி கொஞ்சத் தூரம் குதிரை. மறுகா மூண்டாம் கியரில மிதிச்சா, புக்கு புக்கெண்டு இருமும். ஏறாது. காலை எடுத்தா அமைதியா ஓடும். திரும்ப மிதிச்சா திரும்ப இருமல்.”

“எப்ப தொடங்கினது மாமா?”

“பேர்மிட்டைக் குறைச்ச காலத்தில இருந்து. அதான் சொல்றன், இப்ப வாற பெற்றோல் கூடாது. டாங்கியில கொஞ்சமாக் கிடந்தா பரவாயில்ல. டவுனில அடிச்சு நிரப்பினாத்தான் கரச்சல் கூட.”

நாங்கள் பிளக் கழற்றினோம், பொயின்ற் பார்த்தோம், காற்று வடிகட்டியைத் தட்டினோம், காபரேற்றரைப் பிரித்து ஊதினோம், பெற்றோல் வடிகட்டியை மாற்றினோம். மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. சாமித்தம்பி காரை ஒப்புக்கொடுக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் எல்லோர் முன்னாலும் டாங்கியைத் திறந்து, தன் குச்சியை விட்டுப் பெற்றோலை அளப்பார். நாங்கள் களவெடுத்துவிடுவோம் என்ற பயம். வேறு யாரையும் அந்த மூடியில் கை வைக்க விடமாட்டார். தானே திறப்பார், தானே அளப்பார், கம்பி சுற்றித் தானே கட்டுவார்.

“எங்கட வயித்தையும் அளந்து பாருங்க மாமா, குடிச்சிருப்பம்” என்று ஒருநாள் சொன்னேன்.

“உன்ட பாஸுக்குக் குடிக்கப் பெற்றோல் தேவையில்ல, எனக்குத் தெரியும்” என்றார்.

அடுத்த வாரம் கார் திரும்பி வந்தது. அதே இருமல். பழைய பம்பைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்த இன்னொன்றைப் பூட்டினோம். கல்லடி வரை பறந்தது. அதற்கடுத்த வாரம் திரும்பவும் வந்தது. இந்த முறை சாமித்தம்பியின் முகத்தில் பகிடி இல்லை. ஒரு பிரசவக்காரியை ஏற்றிவந்த வழியில் கார் நின்று, அந்தப் பெண்ணை மாட்டு வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

தேவராசா பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இனி எஞ்சினை இறக்கத்தான் வேணும். ரிங்கும் வால்வும் போயிருக்கும். சாமான் கொழும்பில இருந்து வரோணும்.”

“எவ்வளவு நாள் தம்பி?”

“சாமான் வாற நேரம். ஒரு மாசம், ரெண்டு மாசம். பாதை பூட்டினா இன்னும் கூட.”

சாமித்தம்பி காரின் மட்காட்டில் கை வைத்தபடி நின்றார். “என்ட மகளுக்கு இது மாசம்” என்றார். “தலைப்பிள்ளை. கால் வீங்கிக் கிடக்கு. ஊர் மருத்துவிச்சி, இது வீட்டில பாக்கிற கேஸ் இல்ல எண்டிட்டா. நீ எஞ்சினை இறக்கினா நான் அவளை எதில கொண்டு வாறது?”



எனக்குப் பிளக்குகள் நினைவில் இருந்தன. மூன்று தடவையும் அவற்றைக் கழற்றியவள் நான்தான். ரிங் தேய்ந்தால் எண்ணெய் மேலேறிப் பிளக் கறுத்து ஈரமாக இருக்கும். இவை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. வெளுத்த பிளக் என்றால் எஞ்சின் பெற்றோல் போதாமல் எரிந்திருக்கிறது.

“பாஸ், இது தாகத்தில நிக்கிற எஞ்சின். ரிங் இல்ல.”

“தாகம் எண்டா பம்ப் மாத்தினதோட தீர்ந்திருக்கோணும். வடி புதுசு. குழாய் ஊதிப் பாத்தது. பெற்றோல் எங்க நிக்குது?”

“தெரியாது. ஆனா பிளக் வெள்ளை.”

“பாத்துச் சொல்றியா, நினைச்சுச் சொல்றியா?”

“பாக்கேல்ல. அந்தப் பிழை இஞ்ச வருகுதில்ல பாஸ். அது வாற இடத்தில போய்த்தான் பாக்கோணும்.”

“ஸ்பானர்ப் பெட்டியோட சாவடிக்கு அங்கால போவியா? ரெண்டு பக்கத்திலயும் கேள்வி கேப்பான்.”

“பெட்டி வேணாம். சீலை உடுத்திக்கொண்டு மாமாட மருமகளாப் போறன்.”

“மருமகளா?” என்றார் சாமித்தம்பி. “எனக்கு ஆம்பிளப் பிள்ளையே இல்லையே கா!”

பாஸ் சிரித்துவிட்டார். “நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் தாறன். மறுகா எஞ்சின் இறங்கும்” என்றார்.

அடுத்த நாள் காலையில் டவுனில் பெற்றோல் அடித்துக்கொண்டு புறப்பட்டோம். நான் முன் ஆசனத்தில் இருந்தேன். ஏறாவூர் வரை கார் குதிரைதான். ஏறாவூர் தாண்டியதும் இருமத் தொடங்கியது. சாமித்தம்பி சோக்கை இழுத்து இழுத்துச் சமாளித்தார். சோக்கை இழுத்தால் பெற்றோல் கூடும், கார் கொஞ்சம் நிமிரும். தாகம் என்ற என் கணக்குக்கு அது ஒரு சாட்சி. இருமி இருமிக் கறுத்தப் பாலத்துச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வழமை போல எல்லாம் நடந்தது. இறங்கினோம். அடையாள அட்டை காட்டினோம். வரிசையில் நின்றோம். ஒரு சிப்பாய் வந்து, “மூடி திற” என்றான். சாமித்தம்பி கம்பியை அவிழ்த்து மூடியைத் திறந்தார். சிப்பாய் குச்சி விட்டுப் பார்த்தான், தலையசைத்தான். சாமித்தம்பி மூடியைக் கட்டினார். புறப்பட்டோம்.

கார் பறந்தது.

“பாத்தியா?” என்றார் சாமித்தம்பி. “ஆமிக்காரனைக் கண்டா காருக்கும் பயம் வருகுது. ஒவ்வொரு நாளும் இதுதான். சாவடி தாண்டினா நல்ல பிள்ளை.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

மூன்று வாரமாக எங்களிடம் அவர் சொல்லாதது அது. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. சாவடிக்கு முன் இழுக்காத கார் சாவடிக்குப் பின் இழுக்கிறது என்றால், சாவடியில் அதற்கு என்ன நடந்தது? இரண்டுதான் நடந்தது. எஞ்சின் நின்று ஆறியது. டாங்கி திறபட்டது. கராஜிலும் அதே இரண்டும்தான் நடக்கின்றன. அங்கே குச்சி விடுவது சிப்பாய் இல்லை, சாமித்தம்பி. அதனால்தான் எங்கள் கண்ணுக்கு முன்னால் பிழை வரவேயில்லை.

இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும். கரடியனாற்றுக்குப் பாதி வழியில், இரண்டு பக்கமும் வயல் வட்டை விரிந்து கிடந்த இடத்தில், கார் திரும்ப இருமியது.

“நிப்பாட்டுங்க மாமா. எஞ்சினையும் நிப்பாட்டுங்க. ஒண்டிலயும் கை வைக்காதீங்க.”

“இந்த வெயிலுக்குள்ளயா?”

“சாவடியில நிண்ட அளவுக்கு நிப்பம்.”

மரநிழலில் நின்றோம். எஞ்சின் ஆறியது. பிறகு ஏறி ஓட்டினோம். மிதித்ததும் அதே இருமல். ஆகவே ஆறுவது மருந்தல்ல. திரும்ப நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் போய், நானே கம்பியை அவிழ்த்தேன். சாமித்தம்பி ஓடிவந்தார். “புள்ள, அதில கை…” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூடியைத் திருகினேன்.

டாங்கி மூச்சு இழுத்தது. நீண்ட, மெல்லிய சீறல். வாவியில் நெடுநேரம் மூழ்கியிருந்தவன் மேலே வந்து இழுப்பானே, அப்படி. சாமித்தம்பியும் கேட்டார். வாயைத் திறந்தபடி நின்றார்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியில் சைக்கிள் ரியூபை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. மூடியில் காற்றுப் போவதற்கென்று இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஏதோ மஞ்சளாக அடைத்திருந்தது.

“இது என்ன மாமா?”

“சவுக்காரம்” என்றார், கொஞ்சம் பெருமையாக. “பேர்மிட்டைக் குறைச்சதும் நான்தான் அடைச்சனான். அந்த ஓட்டையால பெற்றோல் ஆவியாப் போகுது கா. இந்தக் காலத்தில ஒரு சொட்டை வீணாக்க ஏலுமா?”

ஒழுகும் டாங்கியைச் சவுக்காரத்தால் அடைப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. தடைக் காலத்தில் ஒழுகாத டாங்கியையும் அடைக்கத் தோன்றியிருக்கிறது. பெற்றோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்கி பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பம்ப் இழுத்தாலும் விடாது. மெதுவாக ஓடும்போது கிடைப்பது போதும். மிதிக்கும்போது போதாது. டாங்கி நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம், சீக்கிரமாக மூச்சு முட்டும். அவர் முதல் நாளே சொன்ன ‘நிரப்பினாத்தான் கரச்சல் கூட’ என்பதற்கு அர்த்தம் அதுதான்.

ஓட்டினோம். மூடி தளர்ந்திருக்க, கார் வட்டை நடுவே பறந்தது.

“சரி, நிப்பாட்டுங்க. மூடியைப் பழையபடி இறுக்கிக் கட்டுங்க.”

“என்னகா விளையாட்டு? பிழை பிடிபட்டிட்டுதானே!”

“ஒருதரம் எண்டா தற்செயல். இதை நம்பி உங்கட மகளை ஏத்தப்போறீங்க மாமா.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஊர் எல்லைக்கு வருவதற்குள் இருமல் வந்தது. திறந்தேன், சீறியது. ஓட்டினோம், இருமல் போனது. இரண்டு தரம். அதன் பிறகுதான் சீலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, சவுக்காரத்தைக் கிண்டி எறிந்து, ரியூபைப் பிய்த்தெடுத்தேன்.

“பெற்றோல் போயிடுமே புள்ள…”

“அந்த ஓட்டையால போற பெற்றோல் கொஞ்சம். அதால வாற காத்துத்தான் உங்கட காரை ஓட்டுது.”

அவர் வீட்டில் மகள் நிர்மலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். கணுக்கால்கள் வீங்கிப் பளபளத்தன. என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்துவிட்டு மெல்லக் கேட்டாள்: “அக்கா, அண்டைக்கு அந்த மனிசியை வழியில வண்டிலுக்கு மாத்தினவங்களாம். எனக்கும் அப்பிடி நடக்குமா? கார் ஓடுமா?”

“ஓடும்.”

“சும்மா என்ட மனம் ஆறச் சொல்றீங்களா?”

“இல்ல. பாத்துச் சொல்றன்.”

அன்று பின்னேரமே கராஜுக்குத் திரும்பினோம். வழியில் ஒரு இருமலும் இல்லை. தேவராசா பாஸ் ரியூப் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் செய்ததை ஒழுங்காகச் சொன்னேன். “ரெண்டு தரமா?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு தரம்” என்றேன். பிறகு சாமித்தம்பியின் பக்கம் திரும்பி, சுருதி சேர்த்து ஏசத் தொடங்கினார். “சவுக்காரம் குளிக்கிறதுக்கு மாமா! காருக்கு மூக்கு அடைக்கிறதுக்கு இல்ல!”

எஞ்சின் இறங்கவில்லை.

நிர்மலாவுக்கு வலி கண்டது அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில். சாவடி திறக்கும் வரை பாலத்தடியில் காத்து நின்றார்களாம். திறந்ததும் ஒரே ஓட்டம். பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பிறந்தது. பெண் பிள்ளை. சாமித்தம்பி கடதாசியில் சுற்றிய கற்கண்டுச் சரையோடு கராஜ் வாசலில் வந்து நின்றார். தேவராசா பாஸ்தான் முன்னால் போனார். “என்ன மாமா, காரா?”

“கார் நல்லா இருக்கு. உன்னட்ட வரேல்ல.” எட்டி உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “ராணி பாஸ் நிக்கிறாவா?”

நான் ஒரு லொறியின் அடியில் கிடந்தேன். உடனே வெளியே வரவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல இருந்தது. அவரும் இன்னொரு தரம் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எவ்வளவோ வாகனம் பார்த்தேன். மெசின் பிழை சொல்லும் என்று கேட்ட தங்கச்சிமாருக்கு: மெசின் வரட்டும், அதையும் படியுங்கள். ஆனால் சாவடியில் அந்தக் காருக்கு என்ன நடந்தது என்று எந்த மெசினும் கேட்காது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். காரில் ஏறிப் போய்க் கேட்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியோரம் ஒரு கொட்டில் எடுத்திருக்கிறேன். தரைக்குச் சீமெந்து போட்டாயிற்று. போன மாதம் பெயர்ப்பலகை எழுதுபவரிடம் போனேன். “பேர் சொல்லுங்க” என்றார்.

“யோகராணி பாஸ் கராஜ்.”

தூரிகையை நிறுத்தினார். “யோகராணி உங்கட பேர். பாஸ்ட பேர் என்ன?”

“அதுதான் பாஸ்ட பேர்.”

அவர் என்னைப் பார்த்தார், என் நகங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “எந்த எழுத்தைப் பெரிசாப் போடுறது?” என்று கேட்டார்.

“எல்லாத்தையும் ஒரே அளவாப் போடுங்க” என்றேன். போன வெள்ளிக்கிழமை பலகையை ஏற்றிவிட்டோம்.